432-க்குச் சுரண்டிய ஆர்மோனியம்

எங்கள் ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இப்போது போனில் எனக்குப் பாட்டு அனுப்புகிறார்கள். "அங்கிள், இது 432. கேட்டுப் பாருங்கோ, மனசு அப்பிடியே அடங்கும்." எனக்கு அடங்குவதில்லை, ஏறுகிறது. அந்த எண்ணைக் கண்டாலே இரத்தம் கொதிக்கும். ஏன் என்று ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் இனி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கத்தத் தேவையில்லை.

1. முதலாளியின் மச்சான்

சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு சின்ன ஸ்டூடியோ. மேலே லொட்ஜ், கீழே நாங்கள். பக்திப் பாட்டு, கலியாண வாழ்த்து, கடை விளம்பரம், எது வந்தாலும் பதிவோம். நான் அங்கே ரெக்கோர்டிங் எஞ்சினியர்.

சண்முகம் முதலாளி காலி வீதியில் புடவைக்கடை வைத்திருந்தவர். முருகன் பாட்டுக் கசெட் ஒன்று போட வந்தார். ஆர்மோனியத்துக்குச் சேவியர் அண்ணனை நான்தான் ஒழுங்கு செய்தேன். கொட்டாஞ்சேனைக்காரர். ஞாயிறு காலையில் மாதா கோயில் கொயருக்கு வாசிப்பார், வெள்ளி பின்னேரம் ஜிந்துப்பிட்டியில் பஜனைக்கு வாசிப்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது. அந்த ஆர்மோனியப் பெட்டிதான் வீட்டு அடுப்பை எரித்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வருவதென்றால் வழியில் செக்பொயின்ட்டுகள். "மே மொகத?", இது என்ன என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டால் ரோட்டோரத்திலேயே பெட்டியைத் திறந்து ஒரு பைலாப் பாட்டு வாசித்துக் காட்டிவிட்டு வந்து சேருவார்.

ஒத்திகை நல்லாத்தான் போனது. நடுவில் முதலாளி கையைத் தூக்கினார்.

"தம்பி, இது எத்தினை?"

"எது எத்தினை?"

"சுதி. 440 தானே? 432-க்கு இறக்கும். லண்டனில என்ரை மச்சான் சொன்னவர், 432 எண்டா மனசு ஆறுமாம். நாட்டு நிலைமை உமக்குத் தெரியும்தானே, சனத்துக்கு நித்திரை இல்லை. கவரில பெரிசாப் போடுவம்."

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் செய்கிற கீபோர்ட், ஓர்கன் எல்லாம் ஏ என்கிற சுரம் செக்கனுக்கு 440 தடவை அதிரும்படி செய்யப்படுகின்றன. சேவியர் அண்ணனின் பெட்டியும் அந்த அளவுதான். 432 என்பது அதிலிருந்து அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கீழே. அவ்வளவுதான் விஷயம்.

"முதலாளி, ஆர்மோனியம் றேடியோ இல்லை, குமிழைத் திருப்பி இறக்க. உள்ளுக்கு அதிருற பித்தளைத் தகடு, அந்த ரீட், ஒவ்வொண்டாக் கழட்டிச் சுரண்ட வேணும்" என்றேன்.

"சுரண்டட்டுமே."

அந்த ஒரு சொல்லில்தான் எனக்குக் கோபம் தொடங்கியது. இன்னும் முடியவில்லை.

2. மூன்று தரம் போட்டுக் காட்டினேன்

எங்களிடம் இருந்த டேப் மெஷினில் வேகத்தைச் சிறிது கூட்டிக் குறைக்க ஒரு குமிழ் உண்டு. வேகம் குறைந்தால் சுதியும் இறங்கும். சேவியர் அண்ணனை ஒரு துண்டு வாசிக்கச் சொல்லிப் பதிந்தேன். முதலாளியைக் கதிரையில் இருத்தி, மூன்று தரம் போடுகிறேன், எது மனதை ஆற்றுகிறது என்று சொல்லுங்கள் என்றேன்.

முதல் தரம் உள்ளபடி போட்டேன். இரண்டாம் தரம் குமிழில் கையை வைத்தேன், ஆனால் திருப்பவில்லை. மூன்றாம் தரம் உண்மையாகவே 432-க்கு இறக்கினேன்.

இரண்டாவது ஓடும்போதே முதலாளி கண்ணை மூடிவிட்டார். "ஆ! இதுதான். பார்த்தீரே, நெஞ்சுக்குள்ள குளிருது."

"முதலாளி, அது 440. முதல் போட்டதும் அதுவும் ஒண்டுதான்."

மனிசனுக்கு முகம் கறுத்துவிட்டது. "மெஷினில இறக்கினாக் கள்ளச் சுதி ஐசே. அதுதான் எனக்கு விளங்கேல்லை. வாத்தியத்திலயே இருக்கோணும்."

நான் நேர்மையாகவே சொல்கிறேன். ஒன்றன் பின் ஒன்றாக உடனே போட்டால், பழகிய காதுக்குச் சற்றே இறங்கியிருப்பது தெரியும். எனக்குத் தெரிந்தது, சேவியர் அண்ணனுக்கும் தெரிந்தது. நன்றாக இருந்ததா என்றால், இறங்கியிருந்தது, வேறொன்றுமில்லை. ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து கேட்டால் எங்கள் இருவருக்குமே எது எது என்று சொல்லியிருக்க முடியாது.

வெளியே வந்ததும் சேவியர் அண்ணனைப் பிடித்தேன். "வேண்டாம் அண்ணே. சுரண்டிப்போட்டுப் பிறகு மற்ற ஆக்களோட எப்பிடி வாசிப்பீங்கள்?"

"என்னா செய்ய தம்பி, ஆறு கசெட் போட போறேன்னு சொல்றாரு. ஆறுக்கும் நான்தானாம். இந்த காலத்துல யாரு எனக்கு இப்பிடி வேலை தர போறா?"

சேவியர் அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆமர் வீதிப் பக்கம் பெட்டி திருத்துகிறவர் ஒருவரிடம் கொடுத்து, ஒவ்வொரு ரீட்டின் அடியையும் சுரண்டி 432-க்கு இறக்கிக்கொண்டு வந்தார். கசெட் பதிந்தோம். கவரில் 'மன அமைதிக்கு 432' என்று பொன்னிற எழுத்து. லொட்ஜ்களில் விசாவுக்கும் பொலிஸ் பதிவுக்கும் காத்துக்கிடந்த சனம் அதை வாங்கியது. பிடிபட்ட மகனைத் தேடித் திரிகிற தாய்மாரும் வாங்கினார்கள். பாட்டை விற்றிருக்கலாம், பாட்டு நல்ல பாட்டு. அந்தச் சனத்துக்கு நித்திரையை விற்றார்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை

தனியாகக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாத அந்த வித்தியாசம், இன்னொரு வாத்தியத்தோடு சேர்ந்தால் காதைக் குடையும். இது எங்கள் தொழிலில் முதல் பாடம். மாதா கோயிலில் இருந்தது பழைய எலெக்ட்ரிக் ஓர்கன், சுதி மாற்ற வழியே இல்லாதது. சேவியர் அண்ணன் அதோடு சேர்ந்து முதல் கட்டையை அமத்தியதும் இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று மோதி ஊங், ஊங் என்று அலைந்ததாம். பூசைக்கு வந்த பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பெட்டி சரியானதும் வாருங்கள் என்று கொயர் மாஸ்டர் சொல்லிவிட்டார். ஜிந்துப்பிட்டியிலும் கீபோர்ட் வந்திருந்தது. அங்கேயும் அதே கதைதான்.

திரும்பவும் பெட்டியைத் திருத்துகிறவரிடம் கொண்டுபோனார். சுதியை ஏற்றுவதென்றால் ரீட்டின் நுனியைச் சுரண்ட வேண்டும். அடியிலும் சுரண்டி நுனியிலும் சுரண்டினால் பித்தளையில் என்ன மிஞ்சும்? நடு ஸ்தாயியில் பாதி ரீட் தொண்டை கட்டியது போலக் கரகரத்தது. சில வெடித்தே போய்விட்டன. வெடித்ததற்கு மாற்று ரீட் இந்தியாவிலிருந்து வரவேண்டும். அந்தக் காலத்தில் அது லேசான காரியமா?

4. இரண்டாவது கசெட்

சில மாதம் கழித்து முதலாளி இரண்டாவது கசெட்டுக்கு வந்தார். கூடவே கீபோர்ட்டோடு ஒரு இளந்தாரிப் பையன். அன்றைக்கென்று சேவியர் அண்ணனும் வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்க வந்து, வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். உள்ளே கதைப்பது அவருக்குக் கேட்கும். நான் கதவைச் சாத்தவில்லை.

"முதலாளி, கீபோர்ட்டை 432-க்கு இறக்கச் சொல்லட்டே? பட்டனை அமத்தினாச் சரி" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. பிறகு வேற கருவி சேர்க்கக் கரைச்சல். சனம் உதையெல்லாம் கவனிக்கப்போகுதே?"

சேவியர் அண்ணன் எழும்பி உள்ளே வந்தார். அவர் குரலை உயர்த்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அப்ப என் பொட்டிய எதுக்கு சொரண்ட சொன்னீங்க?"

முதலாளி அவரைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "நானோ சுரண்டினனான்? அவர்தானே கொண்டுபோய்ச் சுரண்டுவிச்சவர்."

நான் மெஷினை நிற்பாட்டினேன். டேப்பைக் கழற்றி முதலாளியின் கையில் வைத்து வெளியே போகச் சொன்னேன். மரியாதையாகச் சொல்லவில்லை. ஸ்டூடியோ உரிமையாளர் பின்னர் என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். ஒரு நல்ல கஸ்டமரை விரட்டிவிட்டேனாம். விரட்டியதற்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை. கொஞ்சம் முந்தி, அந்த "சுரண்டட்டுமே" என்ற நிமிடத்திலேயே விரட்டியிருந்தால் இன்னும் நல்லது.

சேவியர் அண்ணன் பிறகு ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யார்டில் காவல் வேலைக்குப் போனார். சாகும்வரை அங்கேதான் இருந்தார்.

ஆகவே பிள்ளைகளே, 432 நல்லதா, 440 நல்லதா என்று என்னிடம் கேட்காதீர்கள். இன்னதுதான் நல்லது என்று ஒருவர் உங்கள் முன்னால் அடித்துச் சொன்னால் ஒன்றை மட்டும் பாருங்கள்: அவர் சொல்வது பிழையாகிப்போனால் யாருடைய பெட்டி பழுதாகும்? அது அவருடைய பெட்டி இல்லை என்றால், அவரை அப்போதே வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்.