கம்பெனி நம்பருக்கு வரும் ஓடிபி: விஸ்வநத்தத்திலிருந்து விருதுநகர் போய்வந்த கதை

எல்லா வேலையையும் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம் என்று எழுதுகிறவர்களுக்குச் சொந்தமாக ஓர் எண் இருக்கிறது. எங்கள் வீட்டில் அம்மா, சித்தி, நான் மூவர் ஆதாரிலும் இருப்பது அப்பாவின் பட்டாசுக் கம்பெனி நம்பர். விலைப்பட்டியலில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுக்கும் அதே எண். ஆதார் எடுக்க வந்தவர்கள் மாறாத எண்ணாகக் கேட்டார்களாம். கம்பெனி நம்பர்தானே மாறாது! சிவகாசிப் பக்கம் பல வீடுகளில் இப்படித்தான்.

நான் பிளஸ் டூ. கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தால் ஓடிபி அந்த போனுக்குப் போகிறது. அது அண்ணன் கையில். எனக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, அச்சகம் வைத்திருக்கும் வீடு. பரீட்சை முடிந்ததும் கல்யாணம். விண்ணப்பிக்க வரும் வெள்ளிதான் கடைசி நாள். பதினெட்டு வயது முடிந்துவிட்டால் எண்ணை நாமே மாற்றலாம் என்று படித்தேன். எனக்குப் போன மாதம் முடிந்தது. சிவகாசியில் அப்பாவைத் தெரியாதவர் இல்லை என்பதால், சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டு நேற்று, சனிக்கிழமை, விருதுநகர் போனேன்.

உதவிய செயலிகளைச் சொல்லிவிடுகிறேன். சேவை மையத்தில் முன்பதிவுக்கு ஒன்று. பேருந்து நேரத்துக்கு ஒன்று, அது பாதிதான் சரி. மூன்றாவது, நான் எங்கே இருக்கிறேன் என்று அண்ணனுக்குக் காட்டும் செயலி. என் பாதுகாப்புக்காம். அதனால் போனைத் தோழி முத்துமாரியின் பையில் வைத்துவிட்டேன். நாள் முழுக்க என் நீலப்புள்ளி பள்ளியிலேயே ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தது.

விஸ்வநத்தத்திலிருந்து சிவகாசிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். அங்கிருந்து விருதுநகர் ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஜன்னலோரம் வேண்டாம், எதிரே வரும் வண்டியில் தெரிந்தவர் இருப்பார். இறங்கியதும் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். "தனியாவா வந்த, பாப்பா?" என்றார் டிரைவர். அப்பா பின்னால் வருகிறார் என்றேன். வழி முழுக்க அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மையத்தில் இருந்த அக்கா நல்ல மாதிரி. என் ஆதார் தாளை வாங்கிப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. முகவரிக்குக் கீழே பழைய எண் அச்சாகியிருந்தது.

"ஏ, இது பட்டாசு அண்ணாச்சி நம்பர்லா! தீபாவளிக்கு இவுககிட்டதான வாங்குனோம். நீ மகளா? இரு, ஒரு வார்த்தை பேசிக்கிடுதேன்."

அவள் போனை எடுத்துவிட்டாள்.

"வேண்டாங்க்கா. அப்பா வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாக."

"அப்பச் சாயங்காலமாப் பேசுதேன். தம்பி கல்யாணத்துக்கு வெடி வேணும்."

கைரேகை, கண், எழுபத்தைந்து ரூபாய். என் போன் எண்ணைப் பதிந்து ரசீது தந்தாள். மாறச் சில நாள் ஆகலாம் என்றாள். மூன்றரைக்குச் சிவகாசியில் பள்ளி வாசலில் முத்துமாரியிடம் போனை வாங்கிக்கொண்டேன்.

அக்கா சொன்ன சொல் தவறவில்லை. சாயங்காலம் வீட்டில் கம்பெனி போன் அடித்தது. அதை எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்கள்.

"அண்ணாச்சி, பாத்துப் போட்டுக் குடுங்க. இன்னிக்கு உங்க மகளுக்கு நான்தான் நம்பர் மாத்திக் குடுத்தேன்."

"அப்படியாம்மா? சந்தோசம். நமக்குள்ள என்ன, கொறச்சே போடச் சொல்லுதேன்" என்றார் அப்பா. வைத்துவிட்டு என் பக்கம் கையை நீட்டினார். "கொண்டா போனை."

"சிம்மு நம்ம வாங்கிக் குடுத்ததுதானப்பா?" என்றான் அண்ணன், பரிகாசமாக. அம்மா குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். நான் மாற்றிய எண் இப்போது அப்பாவின் பீரோவில் இருக்கிறது. ஓடிபி வந்தால் அங்கேதான் வரும்.

இதைப் படிப்புக்கு வாங்கிய டேப்லெட்டில், வெளிச்சத்தைக் குறைத்துவைத்து எழுதுகிறேன். அதிலேயே முத்துமாரிக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "என் நம்பரைக் குடுட்டி. எங்க வீட்டுல யாருக்கும் மெசேஜ் தொறக்கத் தெரியாது."

போக நினைப்பவர்களுக்கு: தாளைக் கொண்டு போகாதீர்கள், எண் அச்சாகாத சின்ன அட்டையைக் கொண்டு போங்கள். வீட்டில் வாங்கித் தந்த சிம்மைக் கொடுக்காதீர்கள். முன்பதிவு செய்யும்போது வேறு மையத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் தேர்ந்தெடுத்துவிட்டேன், நாளை பதினொரு மணிக்கு. வெள்ளிக்குள் எண் மாறுமா என்று எந்தச் செயலியும் சொல்லவில்லை.

நாளையிலிருந்து அண்ணனே பைக்கில் பள்ளிக்குக் கொண்டுவிடுவானாம். முன்வாசலில் இறக்கிவிட்டு, நான் உள்ளே போகும்வரை நிற்பான். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் இன்னொரு வாசல் இருக்கிறது. அங்கிருந்து பேருந்து நிலையத்துக்கு நடை பத்து நிமிடம். ஓடினால் ஆறு.