வீரன் கல்லில் இருந்த நாய்

எழுபதுகளின் நடுவில் நான் மரக்காணத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாற்று வாத்தியார். உப்பளத்துக்குப் போகும் வழியில், கால்வாய்க் கரையில், இடுப்புயரத்துக்கு ஒரு நடுகல் நின்றது. சண்டையில் செத்த எவனுக்காகவோ எந்தக் காலத்திலோ செதுக்கி நட்டது. கையில் வாள், மார்பில் அம்பு, காலடியில் ஏதோ ஒரு மிருகம். உப்புக்காற்று அரித்து அதன் மூஞ்சி தெரியாமல் போயிருந்தது. ஊரில் குதிரை என்றார்கள். மாசியில் முதல் உப்பு வாரியதும் வீரனுக்கு ஒரு கை, குதிரைக்கு ஒரு கை வைத்துவிட்டுத்தான் மூட்டை கட்டுவார்கள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. படித்த திமிர். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசி மாவும் ஒரு குடம் தண்ணீருமாகப் போய்க் கல்லைக் கழுவி மாவைத் தேய்த்தேன். பள்ளங்களில் மாவு தங்கிக் கோடுகள் தெளிந்தன. முதுகின்மேல் சுருண்ட வால், கழுத்தில் பட்டை. எஜமான் பார்க்கும் திசையையே பார்த்துப் பல்லைக் காட்டும் நாய்! அதுவும் அவனோடு நின்று செத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சிற்பி எதற்கு மெனக்கெட்டு அதன் விலா எலும்பு வரை செதுக்குகிறான்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்பளத்திலிருந்து திரும்பியவர்களை எல்லாம் நிறுத்தி, "குதிரை இல்லப்பா, நாய்! கூடவே செத்த நாய்!" என்று கூவினேன்.

அடுத்த சனிக்கிழமை சைக்கிளில் அந்தப் பக்கம் போனேன். வீரனுக்கு மஞ்சள் பெயிண்ட், கறுப்பு மீசை. காலடியில் வெள்ளையாக ஒரு குழி. நாயை உளி வைத்துக் கொத்தி எடுத்திருந்தார்கள். சில்லுகள் கால்வாய்ச் சேற்றில் கிடந்தன.

நேரே நாட்டாமைக்காரரைத் தேடிப் போனேன்.

"எவன்யா கொத்துனது?"

"நான்தான் சார் கொத்தச் சொன்னேன். சாமி கால்ல நாய் இருக்கலாமா? இத்தினி வருசமா தெரியாம நாய்க்கு உப்பு வச்சினு இருந்திருக்கோம்."

"பைரவர் கூட நாய் இல்லையா?"

"அது கோயில்ல இருக்குது சார். இது தெருநாய்."

கழுத்தில் பட்டை கட்டிய நாய் எப்படி ஐயா தெருநாய் ஆகும்? கல்லில் நிற்கிறவன் சாமியே இல்லை, நம்மைப் போல ஒரு மனிதன், அவனுக்குத் துணை நின்றது அது ஒன்றுதான் என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வாத்தியார்மேல் அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாசியில் கல்லுக்கு முன்னால் பொங்கல் வைத்தார்கள். முதல் உப்பு ஒரே ஒரு கைதான். நாட்டாமைக்காரர் என்னைக் கூட்டத்தில் தேடிப் பிடித்து முன்னால் இழுத்து, பொங்கல் வைத்த முதல் இலையை என்னிடம் நீட்டினார்.

"வாத்தியாரு சொல்லலைன்னா இன்னும் நாயைத்தான் கும்பிட்டுனு இருந்திருப்போம்."

எல்லாரும் கைதட்டினார்கள். அந்த இலையை அவர் மூஞ்சியிலேயே விசிறியிருக்க வேண்டும். ஆனால் நான் குடியிருந்தது அவர் வீட்டில். வாங்கிக்கொண்டேன். அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இலையை வழித்துத் தின்றேன்.