பிரபுவின் புகைபோக்கி

நாங்கள் இருக்கும் ரோவில் புறநகரிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரோடினால் அந்தப் பண்ணை வீடு வரும். அதன் சொந்தக்காரர் இங்கிலாந்தில் பிறந்த ஒரு பிரபு. பிள்ளையில்லாத பெரியப்பா இறந்தபோது, பரம்பரைப் பட்டத்தோடு இருபத்திரண்டு அறைகளும் ஒழுகும் கூரையும் அவருக்கு வந்து சேர்ந்தன. பழைய கட்டடங்களைச் சோதிக்கும் பொறியியலாளராக நான் அங்கே போனபோது அவருக்கு எழுபது வயதிருக்கும். இரண்டு அறைகளில் அவர் வாழ்ந்தார். மற்றவற்றில் வாளிகள் வாழ்ந்தன.

சாப்பாட்டு அறையின் புகைபோக்கி கூரைக்கு மேலே சாய்ந்து நின்றது.

"இதைக் கழற்றத்தான் வேண்டும். அடுத்த பெருங்காற்றைத் தாங்காது" என்றேன்.

"கழற்றுங்கள். ஆனால் அதே கற்களால், ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே, திரும்பக் கட்ட வேண்டும்" என்றார்.

மேசன் ஒவ்வொரு செங்கல்லாகக் கழற்றிக் கீழே இறக்கினார். பிரபு முழங்காலிட்டு வெண்கட்டியால் இலக்கமிட்டார். பெயின்ட்டால் எழுதச் சொன்னேன். கல் கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார். இலக்கம் இருக்கிறதே என்ற தைரியத்தில் கற்களைப் புல்வெளியில் கண்டபடி குவித்துவிட்டோம். மூன்றாம் நாள் மதியம் மழை கொட்டியது. தார்ப்பாயை இழுத்து மூடுவதற்குள் எல்லா இலக்கமும் கரைந்து போயிற்று.

மழையில் நனைந்தபடியே பிரபு சொன்னார்: "என் பிழை. நீங்கள் சொன்னீர்கள்."

அறிக்கைக்காக நான் புகைபோக்கியை நாலு பக்கமும் கிட்ட நின்று படமெடுத்து வைத்திருந்தேன். அந்தப் படங்களைப் பெரிதாக அச்சிட்டு வீட்டு மேசையில் பரப்பினேன். என் கணவர் எட்டிப் பார்த்தார். அவர் பல்வைத்தியர்.

"கல் கல்லாப் பாத்து அடுக்கப் போறீரோ?"

"ஓம். நீங்களும் வாங்கோவன்."

சனிக்கிழமை என்னோடு வந்தார். அரை மணி நேரத்தில் என்னை முந்திவிட்டார். "இந்த உடைஞ்ச மூலையைப் பாரும். படத்தில கீழ் வரிசை, இடப்பக்கம் மூண்டாவது." வாய்க்குள் பார்ப்பதுபோல் குனிந்து, ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தார். பிரபு அவருக்குப் பின்னால் தள்ளுவண்டியோடு திரிந்தார்.

இரண்டு சனிக்கிழமைகளில் பெரும்பாலான கற்கள் தம் இடத்தைக் கண்டுகொண்டன. ஒரு முப்பது கல் மிஞ்சிவிட்டது. பிரபு என்ன சொல்வாரோ என்று எனக்குப் பயம்.

"பொருந்துகிற இடத்தில் வையுங்கள்" என்றார். "நானும் பிறகு இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவன்தானே."

மேசன் திரும்பக் கட்டி முடித்தபின், குளிர் தொடங்கிய முதல் ஞாயிறு பிரபு எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். பல வருடங்களுக்குப் பிறகு சாப்பாட்டு அறையின் கணப்படுப்பில் விறகு எரிந்தது. புகை நேரே மேலே போகிறதா என்று பார்க்க அவர் தொப்பியில்லாமல் வெளியே ஓடினார். நாங்களும் ஓடினோம். மூவரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தபடி நின்றோம். உள்ளே வந்தபோது அவர் சமைத்த ஆட்டிறைச்சி ஆறிப்போயிருந்தது. உப்பும் இல்லை. ஆனாலும் நாங்கள் தட்டில் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

காரில் ஏறியதும் கணவர் சொன்னார்: "அடுத்த முறை நாங்கள் கறி சமைச்சுக் கொண்டு வருவம்."