வெறிக்குட்டியின் சொண்டு

என் நண்பரின் வீட்டில் ஒரே ஒரு குளியல் தொட்டிதான் இருக்கிறது. அதில் வெள்ளிக்கிழமை மட்டும் மனிதர்கள் குளிக்கலாம். மற்ற நாட்களில் அது மீன்களுக்கு உரியது. உயிருள்ள மீன்கள் அல்ல. மரத்தால் செதுக்கிய மீன்கள். நண்பரின் மனைவி இந்த ஏற்பாட்டுக்கு ஒருபோதும் சம்மதம் சொல்லவில்லை. ஒரு குளிர்காலத்தில் தொட்டியைத் துடைக்கப்போய் அவருடைய விரலில் தூண்டில் முள் ஏறியது. அதற்குப் பிறகு நண்பர், முள் பூட்டாமல்தான் தொட்டியில் விடுவேன் என்று சத்தியம் செய்தார். அதைத் தன்னுடைய பெரிய தியாகமாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நண்பர் மட்டக்களப்பில் பிறந்தவர். மொன்றியலுக்கு வந்து, ஓய்வு பெறும்வரை பொய்ப்பல் செய்தார். பல்வைத்தியர் அல்ல. வைத்தியர் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்பிவைப்பார். பின்னறையில் இருந்துகொண்டு அந்த அச்சுக்குப் பொருத்தமாகப் பல்லும் அதைத் தாங்கும் முரசும் செய்வது இவர். நான் யாழ்ப்பாணம். பௌதிகத்தில் பட்டம் பெற்றுவிட்டு, சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாகக் காலம் தள்ளினேன். மற்றவன் செய்த பொருளை வாங்கி, வேணியர் இடுக்கியால் அளந்து, பிழை பிடிப்பது என் வேலை. அதற்கு அங்கே சம்பளம் தந்தார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்தேன். பருப்பில் உப்பு, மருமகனின் பிரெஞ்சு, சாமிப் படத்தின் சாய்வு, எதையும் விட்டுவைத்ததில்லை. என் மனைவியைக் கேட்டால் விரிவாகச் சொல்லுவாள்.

ஓய்வுக்குப் பிறகு எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது பாஸ் மீன். இந்தப் பக்கத்து ஏரிகளிலும் ஆற்றிலும் இருக்கும் மீன் அது. பிரெஞ்சுக்காரர் அஷிகான் என்பார்கள். உடம்பு சிறிது, வாய் பெரிது, குணம் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர்களின் குணம். பசித்தாலும் கடிக்கும், கோபம் வந்தாலும் கடிக்கும். அதைக் கோபப்படுத்தத்தான் மரமீன். நாங்கள் கட்டை மீன் என்போம். கட்டை மீனின் வாய்க்குக் கீழே சின்னத் தகடு ஒன்று சாய்வாக நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பெயர் சொண்டு. தூண்டிலை இழுக்கும்போது தண்ணீர் சொண்டில் மோத, கட்டை மீன் உயிருள்ளதுபோலத் தலையாட்டி வாலாட்டி வரும். வரவேண்டும். என்னுடையவை வராது. அளவெல்லாம் சரியாகத்தான் செய்வேன். தண்ணீரில் விட்டால் கோப்பை கழுவும்போது நழுவிய கரண்டி மாதிரிப் போகும்.

மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. திருகோணமலைக்காரர், எங்களைவிட இருபது வயது இளையவர், புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. எங்களுடன் மீன் பிடிக்க வருவார், ஆனால் கட்டை மீன் செய்யமாட்டார். மண்புழுதான். நாங்கள் கலை பேசிக்கொண்டு நிற்க, அவர் பேசாமல் கறிக்குப் பிடித்துவிடுவார்.

ஒவ்வொரு குளிர்காலமும் நண்பர் செதுக்குவார். செதுக்கியதைத் தொட்டியில் ஓட்டிப் பார்ப்பார். பிறகு பரிசோதிக்கும்படி என்னிடம் தருவார். நான் அளந்து பார்த்து, "வயிறு கொஞ்சம் கூட", "முதுகு கோணல்" என்று ஏதாவது சொல்லுவேன். அவர் திருத்துவார். நான் "சரி" என்று சொன்னபிறகுதான் அதற்கு முள் பூட்டுவார். கேட்டுக்கொண்டு என்னிடம் பிழை வாங்கிய மனிதர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெப்ரவரியில் அவர் ஒரு கட்டை மீன் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் வெட்டி எறிந்த சீடர் மரவேலியிலிருந்து எடுத்த துண்டு. முதுகுக்கு மனைவியின் பச்சை நகப்பூச்சு. சொண்டு, பொய்ப்பல்லின் முரசுக்கு ஊற்றும் இளஞ்சிவப்புப் பிசினில் வார்த்தது. பார்த்தால் பல்செட்டை விழுங்கிய கிளி. ஆனால் தொட்டியில் அது ஓடிய ஓட்டம் இருக்கிறதே, நூலைப் பிடித்திருந்த நண்பரே ஒரு கணம் கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன ஐசே, இது உண்மையாவே போகுது" என்றார்.

நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். குசினி மேசையில் வைத்து ஒரு பின்னேரம் முழுவதும் அளந்தேன். பிழை இல்லை. திருப்பிப் பிடித்து அளந்தேன். இல்லை. எனக்கு அப்போது வந்ததை வியப்பு என்றோ மரியாதை என்றோ எழுதலாம், எழுதினால் பொய். பொறாமை வந்தது. என் மனைவியின் நகம் அராவும் அரம் மேசையில் கிடந்தது. எடுத்துச் சொண்டின் இடது விளிம்பை நாலு இழுப்பு இழுத்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். மேசைவிரிப்பில் விழுந்த இளஞ்சிவப்புத் தூளை ஊதிவிட்டேன். அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்து, "சரி" என்றேன்.

ஜூனில் பாஸ் பிடிக்க அனுமதி தொடங்கிய முதல் நாள், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் வாய்க்கால் ஓரமாக மூவரும் நின்றோம். நண்பர் அந்த மீனை எறிந்து இழுத்தார். நான் எதிர்பார்த்தபடியே அது நேராக வரவில்லை. ஒருபக்கம் சரிந்தது, நிமிர்ந்தது, வேலியில் மோதியதுபோல மறுபக்கம் பாய்ந்தது, நின்றது, திரும்பவும் சரிந்தது.

"அண்ணை, உங்கட மீன் தவறணையால வருது" என்றார் திருகோணமலைக்காரர். "சரியான வெறிக்குட்டி." குடிகாரனுக்கு எங்கள் ஊர்களில் அதுதான் பெயர்.

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தண்ணீர் வெடித்தது. நண்பரின் தடி வளைந்தது. அன்று காலை அவர் பிடித்த பாஸ்களில் முதலாவதே அவருடைய முழங்கை நீளம். எறிகிற நேரமெல்லாம் ஏதோ ஒன்று ஓடிவந்து வெறிக்குட்டியை அடித்தது. குடித்துவிட்டு வம்பளக்கும் ஒருவனைக் கண்டால் சும்மா இருந்தவனுக்கும் கை நீளும் அல்லவா, அப்படி. விலை கூடிய சாமான்களோடு வந்திருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் தன் இடத்தை விட்டு வந்து, இது எந்தக் கடை என்று கேட்டார். என் தூண்டிலில் பாசி ஏறியிருந்தது.

நண்பர் மீன் நாற்றத்தோடு என்னைக் கட்டிப்பிடித்தார். "நீர் சரி எண்டு சொன்ன சாமான் ஐசே" என்றார்.

அன்றே சொல்லியிருக்கலாம். சிரிப்பாய்ப் போயிருக்கும். நான் சொல்லவில்லை.

அந்தக் கோடை முழுவதும் அவர் வெறிக்குட்டிக்குத் தம்பிகள் செய்தார். அதே அச்சு, அதே மரம், அதே பிசின். எல்லாம் தண்ணீரில் நல்ல பிள்ளைகளாக நேரே போயின. ஒன்றையும் மீன் திரும்பிப் பார்க்கவில்லை. மரத்தில் பிழையோ என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் மன்றாடி, மிச்ச வேலியின் அடிக்கட்டையையும் தோண்டி எடுத்தார். நகப்பூச்சில் பிழையோ என்று அந்தப் பச்சையைத் தேடிக் கடைகடையாக ஏறினார். எந்த விரலுக்கு என்று கேட்ட விற்பனைப் பெண்ணுக்கு மீனுக்கு என்று பதில் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிறு அவற்றை மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்த் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். என் மதத்தையும் விடவேண்டாம் என்று பிள்ளையாருக்கு முன்னால் வைத்துத்தரச் சொல்லி ஒன்றை என்னிடம் தந்தார். கொண்டுபோய் வைத்தேன். பிள்ளையார் என்னைத்தான் பார்த்தார்.

கடைசியில் வெறிக்குட்டியையும் அதன் தம்பி ஒன்றையும் என் முன்னால் வைத்து, "அளந்து சொல்லும். எங்கேயோ வித்தியாசம் இருக்கு" என்றார். நான் இடுக்கியை எடுத்தேன். முதுகை அளந்தேன், வயிற்றை அளந்தேன், சொண்டையும் அளப்பதுபோல ஒரு பாவனை செய்தேன். "ரெண்டும் ஒண்டுதான்" என்றேன். நான் செய்ததில் கேவலமானது இதுதான். அராவியது ஒரு நிமிடத்துப் புத்தி. இது யோசித்துச் சொன்ன பொய். அவர் தன் கண்ணைவிட என் இடுக்கியை நம்பினார்.

சில நாட்களுக்குப் பிறகு தொலைபேசியில் அவர் சாதாரணமாகச் சொன்னார்: "சாமானில பிழை இல்லை எண்டா என்னிலதான் பிழை. கை போயிட்டுது ஐசே. மறுகா என்னத்தைச் செதுக்கிறது."

அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. பனி கொட்டத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அவருடைய மனைவி தொலைபேசியில் எடுத்தார்.

"அண்ணை, இவர் உளியெல்லாத்தையும் பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டுக் கட்டிப்போட்டார். கோயில் விற்பனைக்குக் குடுக்கப்போறாராம். நாள் முழுக்க ரீவிக்கு முன்னால இருந்து ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சுப் பாக்கிறார்."

"தொட்டி?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"காய்ஞ்சுபோய்க் கிடக்கு. இவ்வளவு காலமும் அதுக்காகச் சண்டை பிடிச்சனான். இப்ப இறங்கிக் குளிக்க மனம் வருகுதில்லை."

இடுக்கியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி, புவாண்ட்-கிளேரில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் நல்ல வசனங்கள் தயாரித்தேன். அவர் கதவைத் திறந்ததும் எல்லாம் மறந்துபோய், "தொட்டியை நிரப்பும்" என்று மட்டும் சொன்னேன். நிரப்பினார். இருவரும் விளிம்பில் முழங்கால் போட்டோம். அவர் கத்தோலிக்கர், அந்த வேலைக்குப் பழகிய முழங்கால். எனக்கு இரண்டும் நொந்தன. வெறிக்குட்டியின் சொண்டில் இடுக்கியை வைத்து, இடது விளிம்பில் தெரிந்த இடைவெளியை அவருக்குக் காட்டினேன்.

"இது நான் அராவினது" என்றேன்.

அவர் இடுக்கியைப் பார்த்தார். "எப்ப?"

"சரி எண்டு தந்தனே, அதுக்கு முதல் நாள்."

"எதால?"

"மனுசியின்ர நகம் அராவுற அரத்தால."

"ஏன்?"

"அதில ஒரு பிழையும் இல்லை."

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

குழாயிலிருந்து நீர் சொட்டியது. வெளியே கதவு தட்டப்பட்டது. "உள்ளுக்க என்ன ரெண்டு பேரும் சத்தமில்லாமல்? ஆரும் விழுந்துபோனியளோ?" என்றார் அவருடைய மனைவி.

"இல்லை. ஒராள் எழும்பப் பாக்கிறார்" என்றார் நண்பர்.

பிறகு எழுந்துபோய், பிஸ்கட் டின்னின் கட்டை அவிழ்த்து, ஒரு சின்ன அரத்தையும் தம்பி ஒன்றையும் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இதையும் அப்பிடி அராவும்."

அராவினேன். கை நடுங்கியது. தொட்டியில் விட்டபோது அது பம்பரம்போலச் சுற்றியது. இன்னொன்று தந்தார். அதுவும் சுற்றியது. மூன்றாவதில் சொண்டே முறிந்தது.

"பொறாமையில செய்யேக்க மட்டும் கை நடுங்கேல்லையாக்கும்" என்றார். தொட்டி அடைப்பை இழுத்துவிட்டார். தண்ணீர் முழுவதும் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பஸ் பிந்தும். போம்" என்றார்.

ஒரு வாரம் கழித்து அவருடைய மனைவி எடுத்தார். "அண்ணை, திரும்பவும் அரம் சத்தம் கேக்குது. பெரிய உபகாரம். ஆனா உங்களில சரியான கோவமாம். எடுத்தது நான் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

அடுத்த வருடம் ஜூனில் வாய்க்கால் ஓரமாக நான் தனியாக நின்றேன். நூறடி தள்ளி அவர்கள் இருவரும். திருகோணமலைக்காரர் என்னிடம் நடந்து வந்தார். "அண்ணை, அவர் உங்களோட கதைக்கமாட்டாராம். அதைச் சொல்லிப்போட்டு வரச் சொன்னவர்." சொல்லிவிட்டு, இரக்கப்பட்டு, எனக்கு ஒரு மண்புழு தந்தார். அன்று அதில்தான் எனக்கு மீன் பட்டது. நண்பர் தொலைவிலிருந்து அதைப் பார்த்தார். கட்டை மீன்காரன் புழுவில் பிடிப்பது எங்களுக்குள் எவ்வளவு பெரிய அவமானம் என்று மற்றவர்களுக்கு விளங்காது.

இலை உதிர்ந்து முடிந்தபிறகு ஒரு நாள் தொலைபேசியில், வணக்கமும் இல்லாமல், அவருடைய குரல்: "தொட்டி நிரம்பியிருக்கு."

போனேன். கதவைத் திறந்தவர் என் சட்டைப்பையைப் பார்த்தார். "சப்பாத்தோட அதையும் கழட்டி வையும்." இடுக்கியை எடுத்து, குளிர்காலச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், உருகிய பனித்தண்ணீர் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். இன்றைக்கும் அதுதான் ஒழுங்கு. பரிசோதகர் வேலை இப்போது திருகோணமலைக்காரருக்கு. அவர் கட்டை மீனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "நல்லாயிருக்கு அண்ணை" என்பார். ஒவ்வொன்றுக்கும் அதே சொல். நண்பர் மகாராசா மாதிரித் தலையசைப்பார். நான் துவாய் மாட்டும் கம்பிக்குப் பக்கத்தில் நின்று, வாயை மூடிக்கொண்டு பார்ப்பேன்.

போன மாதம் ஒன்று செய்திருந்தார். திருகோணமலைக்காரர் நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டார். நண்பர் நூலில் கட்டித் தண்ணீரில் வைக்கப்போகும்போது என் கண்ணில் பட்டது. எவ்வளவோ அடக்கினேன்.

"வலக்கண் கொஞ்சம் இறக்கம்" என்றேன்.

திருகோணமலைக்காரர் என் காலை மிதித்தார். நண்பர் திரும்பவில்லை.

"தெரியும். பிழை ஒண்டு நானே வைச்சிட்டன். நீர் சிரமப்பட வேண்டாம்" என்றார்.

பிறகு நூலின் நுனியை என் கையில் தந்துவிட்டு, தொட்டியின் மறுமுனைக்குப் போய்க் குனிந்து, இழு என்று கையைக் காட்டினார். இழுத்தேன். கதவுக்கு வெளியே அவருடைய மனைவி, இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்.