மச்சான் படகு வெளியே போன நாள்

நகராட்சிப் படகுத்துறை அதிகாரிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. ஊருக்கு அவர் டேப் சார். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இடுப்பில் அளவு டேப் தொங்கும்.

அவருடைய முதல் சாதனை வாடகை. அவர் பொறுப்பேற்கும்வரை துறையில் எந்தப் படகைக் கட்டினாலும் ஒரே வாடகைதான். துடுப்புப் படகில் தூண்டில் போடுகிறவரும், மாடி வைத்த விசைப்படகுக்குச் சொந்தக்காரரான பல் டாக்டரும் வரிசையில் நின்று ஒரே தொகையைக் கட்டினார்கள். அநியாயம் பொறுக்காத டேப் சார், படகின் நீளத்துக்கேற்ற வாடகை என்று விதி எழுதினார். மறு வாரமே துறை முழுக்க ரம்பச் சத்தம். ஆளாளுக்குத் தங்கள் படகின் மூக்கை அறுத்துக்கொண்டிருந்தார்கள். பல் டாக்டர் மட்டும் தொழில் தெரிந்தவர். பல்செட் மாதிரி கழற்றி மாட்டும் மூக்காகச் செய்துகொண்டார்.

டேப் சார் அசரவில்லை. படகை விட்டுவிட்டு, அது கட்டியிருக்கும் இடத்தை அளந்தார். படகைக் கட்டும் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் நடுவே எவ்வளவு தண்ணீரோ, அவ்வளவுக்கு வாடகை. தண்ணீரை யாரும் ரம்பத்தால் அறுக்க முடியவில்லை.

அடுத்து இடத்தை விற்கும் வியாபாரம். துறையில் இடம் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். ஆகவே இடம் வைத்திருப்பவர், விறகுக்குக்கூட ஆகாத படகைப் பவுன் விலைக்கு விற்பார். வாங்க வருகிறவர் படகைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அது கட்டியிருக்கும் இடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டுவார். டேப் சார் இதற்கும் முடிவு கட்டினார். படகை விற்கலாம், இடத்தை விற்க முடியாது. இடம் காத்திருப்போர் வரிசையில் முதலாவதாக நிற்பவருக்குப் போகும். சும்மா கட்டிப்போட்டு இடத்தைப் பிடித்துவைப்பதும் செல்லாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது படகு அலைதடுப்புச் சுவரைத் தாண்டிப் போய், பிறர் உதவியில்லாமல் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

முதல் ஆண்டு எல்லாப் படகுகளும் அமோகமாகப் போய்வந்தன. கரையில் நின்று படகு எண்களைக் குறித்துக்கொண்டிருந்த டேப் சாருக்கு, நாலாவது தடவையாக அதே நீலப் படகு வேறு எண்ணோடு போனபோதுதான் சந்தேகம் தட்டியது. தொட்டுப் பார்த்தார். எண் எழுதிய பெயிண்ட் காயவில்லை. அன்றே விதியில் ஒரு வரி சேர்த்தார்: சோதனையின்போது அதிகாரி படகுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வரியை எழுதிய கைக்கு, மச்சானுக்கும் ஒரு படகு இருப்பது நினைவில்லை.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் படகு நகர்ந்ததைப் பார்த்தவர் எவரும் இல்லை. அதில் அவர் தக்காளிச் செடி வளர்த்தார், பேப்பர் படித்தார், மத்தியானம் தூங்கினார். வீட்டில் அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் ஒரே அறையில் அரை மணி நேரம் ஒத்துப்போகாது. அந்தப் படகு மட்டும் இல்லாவிட்டால் இந்நேரம் அவர் சாமியாராகியிருப்பார் என்பது குடும்பத்தின் ஏகோபித்த கருத்து.

இடத்துக்காகக் காத்திருப்போர் வரிசையில் முதலாவதாக நின்றவள் வெல்டர் அக்கா. பட்டறையில் தன் கையாலேயே இரும்புப் படகு கட்டிவிட்டு, விட இடமில்லாமல் வாசலில் நிறுத்தியிருந்தாள். அவளைத் தேடி வரும் வாடிக்கையாளர்கள் படகுக்கு அடியில் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். கட்டட உரிமையாளர் இந்த மாதத்தோடு படகையோ பட்டறையையோ காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"ஏங்க, எங்க அண்ணன் படகுக்குக் கண்ணை மூடிக்கிட்டு ஒரு கையெழுத்துப் போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்றாள் மனைவி.

"கண்ணை மூடிக்கிட்டு எப்படிம்மா போடறது? கோடு தெரியாதே."

"ஆமா, இந்த நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

சோதனை நாளன்று செடிகள் கரையேறின. டேப் சார் படகில் உட்கார்ந்தார். மச்சான் துடுப்பைப் பிடித்த அழகைப் பார்த்து, சுவரின் மேல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள்.

"டேப் சார், வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?" என்று மேலிருந்து கேட்டாள் வெல்டர் அக்கா.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரும்மா."

சுவரைத் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. திரும்பும்போது காலடியில் சில்லென்றது. குனிந்து பார்த்தால் பலகை இடுக்கெல்லாம் தண்ணீர்.

"மச்சான், படகு ஒழுகுது."

"வெயில்ல காஞ்ச மரம் மாப்பிள்ளை. குடிச்சுட்டு நிறுத்திடும்."

மரம் நிறுத்தவில்லை. கணுக்கால் மறைந்தது, பிறகு முழங்கால். மச்சான் இழுக்க இழுக்கப் படகு முன்னால் போவதைவிடக் கீழேதான் அதிகம் போனது. டேப் சார் பிறந்தது துறைக்குப் பக்கத்துத் தெரு. நீச்சல் மட்டும் அந்தத் தெருவுக்குள் வரவே இல்லை.

அப்போது சுவரிலிருந்து ஒரு கயிறு பறந்து வந்து படகின் குறுக்கே விழுந்தது. மறு முனை வெல்டர் அக்கா கையில்.

"தொடாதீங்க மாப்பிள்ளை!" மச்சான் கத்தினார். "வேற ஆள் உதவின்னு ஆயிடும். இடம் போயிடும். இதோ தெரியுது பாருங்க நம்ம முளை, இன்னும் கொஞ்ச தூரம்தான்!"

முளை தெரிந்தது உண்மை. படகின் விளிம்புக்கு மேல் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் உண்மை. டேப் சார் கயிற்றைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். பிடித்தார், இரண்டு கையாலும்.

இருவரையும் சுவரோரம் இழுத்துப் படியில் ஏற்றினார்கள். படகு நாலைந்து குமிழி விட்டுவிட்டு அடங்கியது. வெல்டர் அக்கா கயிற்றைச் சுருட்டினாள்.

மச்சான் படியில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்தார்.

"ஏன் பிடிச்சீங்க?"

டேப் சார் இதற்கு இரண்டு பதில் வைத்திருந்தார். விதிப்படி நடந்தேன் என்பது ஒன்று. எது உண்மை என்று அவருக்கே தெளிவாகவில்லை.

"பயந்துட்டேன் மச்சான்."

"நல்லவேளை. விதி கிதின்னு சொல்லியிருந்தீங்கன்னா ஜென்மத்துக்கும் உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரி, நான் இனிமே பகல்ல எங்கதான் போறது?"

டேப் சார் வாயைத் திறப்பதற்குள் வெல்டர் அக்கா முந்திக்கொண்டாள். "அந்த இடத்துல என் படகை இறக்க ஆள் வேணும் அண்ணே. துடுப்பைத் தொடாத வேலைன்னா உங்களுக்குத் தரேன்."

மச்சான் அவளை மேலும் கீழும் பார்த்தார். "உன் படகுல நிழல் இருக்கா?" என்று கேட்டார்.