பிஷப்பின் கைவைப்பு

நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். எங்கள் மூணாறு எஸ்டேட் சபை இரண்டாக உடைந்து, புதுச் சபைக்குத் தனி பிஷப்பும் வந்துவிட்டார். அவர்தான் என் பேரனுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக ஏற்பாடு. கிளம்பும்போது பக்கத்து வீட்டு மரியம்மா, "அக்கா, அந்த பிஷப்புக்குக் கைவைப்பு சரியில்லன்னு பழைய சபைக்காரங்க கேஸ் போட்டிருக்காங்களாம்" என்றாள்.

சபைப் பணத்தில் கை வைத்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். திருட்டுக் கையாலா பிள்ளைக்கு ஞானஸ்நானம்? சபைக்குப் போனதும் பேரனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிஷப்பிடமே கேட்டேன்.

"ஐயா, எதுல கை வச்சீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "அம்மாச்சி, மலையாளத்துல கைவைப்புன்னா பிஷப்மார் தலைல கை வச்சுப் பட்டம் கொடுக்கிறது. எனக்குக் கை வச்சவர் முறையான பிஷப் இல்லன்னுதான் சண்டை."

"அப்ப பேரனுக்குச் செல்லுமா?"

"ஞானஸ்நானத்த பழைய சபைக்காரங்களும் செல்லாதுன்னு சொல்லல."

சந்தோஷமாகப் பிள்ளையை நீட்டினேன். இப்போதெல்லாம் எந்தப் பாதிரியார் வீட்டுக்கு வந்தாலும், "உங்க தலைல கை வச்சது யாருங்கய்யா?" என்று கேட்ட பிறகுதான் காப்பி போடுகிறேன்.