பால் கொட்டிலின் வெளிப்பக்க ஆணி

இன்று காலை மகள் பால்மாப் பக்கற்றைக் கத்தரித்துப் போத்தலில் கொட்டினாள். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு வயது இருபத்திரண்டு ஆகிவிட்டது. முழங்கால் மட்டும் சம்மதிக்கவில்லை.

இந்த மணத்தைப் பற்றி எழுதச் சொல்லித்தான் போன கிழமை கனடாவிலிருந்து ஒரு பழைய மாணவன் கதைத்தான். கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் நான் முதன்முதல் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "ரீச்சர், அந்த மாப்பாலையும் பணிசையும் பற்றி எழுதித் தாங்கோ. அந்த நாளையில எங்களுக்குள்ள ஒரு வித்தியாசமும் இருக்கேல்லை, என்ன?" என்றான். "ஓம் தம்பி" என்றேன். வயது போனால் எல்லாவற்றுக்கும் ஓம் போடுவது சுகம்.

பால் நல்ல பால்தான், கூடக் கொடுத்த பணிஸ் ரொட்டியும் நல்லதுதான், பொய் சொல்லக்கூடாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கிடுகுக் கொட்டில். அதில் மூன்று கல்லின் மேல் கிடாரம். மாவைக் கரைக்கத் தெரியாமல் முதல் நாள் கட்டிகட்டியாக்கிவிட்டேன். பிள்ளைகள் அந்தக் கட்டிகளுக்குத்தான் அடிபட்டார்கள். மாரியில் வயல் வெள்ளம் வகுப்புக்குள் வரும், கூடவே தவளைகளும் வரும், நான் மேசைமேல் ஏறி நின்று வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பேன். இதையெல்லாம் எழுதினால் கனடாவில் கண் கலங்குவார்கள்.

குடியேறிய குடும்பங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்தவை. எல்லாருக்கும் ஒரே அளவு காணி, ஒரே வாய்க்கால் தண்ணீர். ஆனையிறவு தாண்டும்போதே சாதியை உப்பளத்தில் கொட்டிவிட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இருந்த மூளையைப் பாருங்கள். சாதியைப் பாயோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டி, லொறியில் முதலாவதாக ஏற்றி வந்திருந்தார்கள்.

பவளம் நாலாம் வகுப்பில் இருந்தாள். அவளுடைய தகப்பன் ஊரில் பனை ஏறியவர்; இங்கே மற்றவர்களைப் போல வயல் செய்தார். பள்ளிக்கூடத்துப் பேணிகளில் பிள்ளைகள் மாறிமாறிப் பால் குடிப்பார்கள். பவளத்துக்கு மட்டும் சிரட்டை. நான் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம் அது. கணக்கில் அவளை வெல்ல அங்கே ஆளில்லை. அடுத்த வருஷம் புலமைப்பரிசில் சோதனைக்கு அவளை இருத்திவிட வேண்டுமென்பது என் பேராசை. அப்படிப்பட்ட பிள்ளை சிரட்டையை ஏந்தி நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. ஆகவே ஒரு தந்திரம் செய்தேன். இனி எல்லாரும் வீட்டிலிருந்து தங்கள் தங்கள் பேணியைக் கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தேன்.

திங்கட்கிழமை பவளம் நீல விளிம்பு வைத்த புது எனாமல் பேணியோடு வந்தாள். கழுவிய பேணிகளைக் கொழுவக் கொட்டிலுக்குள் வரிசையாக ஆணி அடித்திருந்தோம். அவளும் தன்னுடையதை அந்த வரிசையில் கொழுவினாள். மூன்றாம் நாள் நாலைந்து தகப்பன்மார் வந்தார்கள். சத்தம் போடவில்லை, மற்ற எல்லா வகையிலும் நல்ல மனிதர்கள். "பிள்ளை, பேணியோட பேணி முட்டுதல்லோ," என்றார் ஒருவர் என்னிடம். "இப்பிடியெண்டால் எங்கட பிள்ளையளை மறிக்க வேண்டி வரும்." பெரிய வாத்தியார் என்னைப் பார்த்தார். "ரீச்சர், பள்ளிக்கூடம் நடக்கவேணுமெல்லே?"

நான் ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிலின் வெளிப்பக்கத்து மரத்தூணில் அடித்தேன். பால் அதே பால், பேணி அவளுடைய பேணி, ஆணி மட்டும் வெளியே. ஒருவருக்கும் நோகாமல் முடித்துவிட்டேன் என்று அன்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மறுநாள் பவளத்தின் தகப்பன் வந்து பேணியைக் கழற்றினார்.

"பிள்ளை இனி வரமாட்டாள், ரீச்சர்."

"நல்லாப் படிக்கிற பிள்ளையை ஏன் மறிக்கிறாய்?" என்றேன். என்னைவிட இருபது வயது மூத்தவரை ஒருமையில்தான் கேட்டேன். அது அப்போது என் காதில் விழவே இல்லை.

"சிரட்டை நீங்கள் வாறதுக்கு முந்தியே இருந்தது. அதை அவள் பொறுத்தவள்," என்றார். "இந்த ஆணி நீங்கள் அடிச்சது."

இரண்டு தரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் படலை வரை வந்தாள். பவளம் வெளியே வரவில்லை. மாத முடிவில் வரவு பதியும் இடாப்பில் அவள் பெயரை வெட்டி, விலகிய காரணத்தை எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று கேட்டேன். "ஊரை விட்டுப் போயிட்டினம் எண்டு போடுங்கோ. ஆர் வந்து பாக்கிறது?" என்றார் பெரிய வாத்தியார். சிவப்பு மையால் வடிவான எழுத்தில் எழுதினேன். அடுத்த நாள் காலை நான் வரும் வழியில், வயலில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த பவளம் நிமிர்ந்து, "வணக்கம் ரீச்சர்" என்றாள். இன்னும் மூன்று வருஷம் நான் அந்த வழியால்தான் நடந்தேன்.

சண்டை முடிந்த பிறகு ஒருமுறை அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். புதுக் கட்டிடம், புது அதிபர், என் பேத்தி வயது. பழைய இடாப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "ஒண்டும் மிஞ்சேல்லை அம்மா" என்றாள். வாய்க்கால் கரையில் பவளத்தின் காணியில் வேறு யாரோ பயிற்றை போட்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் எங்கே என்று விசாரித்தேன். சண்டையோடு ஊரை விட்டுப் போனவர்கள், இருக்கிறார்களா இல்லையா என்றுகூடத் தெரியாது என்றார்கள். என் பொய் இப்போது உண்மையாகிவிட்டது. அது பொய்யாக இருந்த காலத்தில், அந்த வரியை ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டு அவளைத் திரும்பக் கூப்பிட எனக்கு மூன்று வருஷம் இருந்தது.